மருதம்பட்டையின் துவர்ப்பு

மதுரையை விட்டு வடகிழக்கே ஒத்தக்கடையைக் கடந்து, யானைமலையை முதுகுப்புறம் விட்டுத் திருமோகூர் வழியாகத் திருவாதவூரை நோக்கிச் செல்பவர், 1895ஆம் ஆண்டில் முடிந்த பெரியாற்று அணையின் நீரால் செழித்த மேலூர் வட்டாரத்து வயல்களையும், அந்த அணைக்கு நெடுங்காலம் முன்னரே மழைநீரைத் தேக்கி ஊர்களை வாழவைத்த கண்மாய்களையும் இருமருங்கும் கண்டுகொண்டே போகலாம். மாணிக்கவாசகப் பெருமான் அவதரித்த தலமென்று சைவ உலகம் கைகூப்பும் இவ்வூர், தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயரை ஒரே பாட்டில் கோத்துத் தந்த கபிலரின் ஊர் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுவது. சனீசுவரனைப் பற்றிய வாதநோய் தீர்ந்த இடமாதலின் வாதவூர் ஆயிற்று என்று ஊர்ப்பெயருக்குப் புராணக் காரணம் கூறுவாரும் உண்டு. மலர்களை எண்ணிய புலவனும் நோய் நீங்கிய கதையும் ஒரே ஊரோடு பிணைந்திருப்பதாலோ என்னவோ, மரப்பட்டையிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்தெடுக்கும் சாஸ்திரத்தைப் பற்றி எழுத எண்ணியபோது என் மனம் தானாகவே இந்த மருதநிலத்தில் வந்து நின்றது. வயலும் வயல்சார்ந்த நிலமும் மருதம் என்றால், அந்த நிலத்துக்குத் தன் பெயரை ஈந்த மரத்தைவிடப் பொருத்தமான உதாரணம் வேறு எங்கே கிடைக்கும்?

மருதம் நீரை நாடும் விருட்சம். ஆற்றங்கரையிலும் ஓடையோரத்திலும், வேர்கள் ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்திலே அது ஓங்கி வளரும். வைகையின் ஒரு துறையைத் திருமருத முன்துறை என்றே பழம்புலவர் வழங்கினர். மதுரையைக் கிராமத்து முதியோர் இன்றும் ‘மருதை’ என்று சொல்வதைக் காதாரக் கேட்டவர்கள், நகரின் பெயரே மரத்திலிருந்து பிறந்தது என்னும் ஒரு சாராரின் கொள்கையை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். சங்கநூல்களின் மருதம் வேறொரு மரமாகிய பூமருதே என்று வாதிடும் அறிஞர்களும் உளர். அந்த வழக்கை இங்கே தீர்க்க முற்படாமல், நீர்மருது என்றும் வெள்ளைமருது என்றும் மருத்துவர்கள் சொல்லும் மரத்தையே நான் எடுத்துக்கொள்கிறேன். திருவிடைமருதூரிலும், தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூரிலும் தலவிருட்சமாக நிற்பது இதுவே. வடமொழியில் இதன் பெயர் அர்ஜுனம், அதாவது வெண்மை. சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த வெளிறிய பட்டை, அகன்ற தகடுகளாகத் தானே உரிந்து விழுந்து, உள்ளிருக்கும் புதிய வழவழப்பைக் காட்டும் காட்சியைக் கண்டவர்களுக்கு அப்பெயரின் நியாயம் விளங்கும். இதன் காயில் ஐந்து சிறகுகள் உண்டு. அதைக் கண்டு தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் ‘ஐஞ்சிறகு’ என்று பொருள்படும் கிரேக்கப் பெயரிட்ட இம்மரத்தை, 1834ஆம் ஆண்டில் ராபர்ட் வைட்டும் ஆர்னட்டும் கடுக்காய், தான்றிக்காய் மரங்களின் இனமாகிய டெர்மினாலியாவில் சேர்த்தார்கள். கடுக்காய்க்கு உறவு என்றவுடனே இதன் சுவை என்னவாக இருக்கும் என்பதைத் தமிழ் வாசகர் ஊகித்திருப்பார்கள்.

அந்தச் சுவை துவர்ப்பு. சுவையை ஆறாகப் பகுத்த நம் முன்னோர் துவர்ப்புக்கும் அதில் ஓர் ஆசனம் அளித்தது வெறும் நாக்கின் ருசியைப் பற்றிய செய்தியன்று என்பதே என் துணிபு. பாக்கையும், நாவற்பழத்தையும், வாழைப்பூவையும் மெல்லும்போது நாவும் கன்னத்தின் உட்புறமும் சுருங்கி வறண்டதுபோல் ஓர் உணர்வு தோன்றுகிறதே, அது உண்மையில் உப்பையும் புளிப்பையும் போன்ற சுவையன்று. உமிழ்நீரிலுள்ள வழுக்கும் புரதங்களை ஒருவகைப் பொருள் பற்றிக் கட்டித் திரளாக்கிவிடுவதால், வாயின் மெழுகுத்தன்மை போய்விடுவதே அந்த உணர்ச்சிக்குக் காரணம். அந்தப் பொருளுக்கு டானின் என்று பெயர். ஆட்டுத்தோலில் இருக்கும் புரதத்தையும் அது அப்படியே பற்றுவதால்தான், ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் கிடந்த தோல், அழுகும் இயல்பை இழந்து பதப்பட்ட தோலாகிறது. சென்னை மாகாணத்துத் தோல் வியாபாரம் கடல் கடந்து பெயரெடுத்ததற்கு, நம் மேட்டு நிலங்களில் மஞ்சட்பூப் பூத்து நிற்கும் அந்த ஆவாரைச் செடியின் பட்டை ஒரு பெருங்காரணம். சாராயம் காய்ச்சியவர்கள் வெள்வேலம்பட்டையைத் தேடிப் போனதும் இதே துவர்ப்பை நம்பித்தான். ‘பட்டைச் சாராயம்’ என்னும் சொல் அதன் சாட்சி.

மரம் இந்தப் பொருளை நமக்காகச் செய்துவைக்கவில்லை என்பதை நினைவில் வைக்கவேண்டும். ஓடி ஒளிய இயலாத ஓர் உயிர், பூஞ்சணமும் பூச்சியும் வெயிலும் ஓயாமல் தாக்கும் தன் உடலைக் காப்பதற்கு மேனியிலேயே ஒரு கவசம் பூண்டுகொள்கிறது. அந்தக் கவசமே பட்டை. அதன் வெளியடுக்கு செத்த தக்கை. உள்ளடுக்கோ இலைகள் சமைத்த சர்க்கரையை வேர்களுக்கு இறக்கித் தரும் உயிருள்ள குழாய்த்தொகுதி. தின்ன வரும் புழுவின் வாயையும், நுழைய வரும் பூஞ்சணத்தின் நொதிகளையும் கட்டிப்போடும் பீனால் வகைப் பொருள்கள் இங்கேதான் சேமித்து வைக்கப்படுகின்றன. மருதம்பட்டையில் காலிக் அமிலமும், எல்லாஜிக் அமிலமும், காட்டெக்கின் என்னும் பொருளும், அது பலவாகக் கோத்த சங்கிலிகளும், இவற்றோடு ட்ரைடெர்பீன் என்ற வேறொரு குலத்தைச் சார்ந்த அர்ஜுனிக், அர்ஜுனோலிக் அமிலங்களும் காணப்படுகின்றன. இவற்றுள் அர்ஜுனோலிக் அமிலத்தின் அமைப்பை இங்கிலாந்து ரசாயனிகள் 1954ஆம் ஆண்டில் இம்மரத்தின் வைரத்திலிருந்து பிரித்து நிர்ணயம் செய்தார்கள்.

பீனாலின் விசேஷம் யாது என்பதை அறிய, சமையலறைக்குச் சற்றுப் போய்வருவது நல்லது. வாழைக்காயை அரிந்து அப்படியே வைத்தால் கறுத்துப்போகும். ஆகையால் மோர் கலந்த நீரிலே போடுகிறார்கள். நாட்பட்ட எண்ணெய் சிக்குவாடை வீசுகிறது, இரும்பு துருவேறுகிறது. நாம் உயிர்வாழ இன்றியமையாத பிராணவாயுவே, தான் தொட்ட பொருள்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கும் இயல்பினால், இவற்றை எல்லாம் மெல்ல மெல்ல எரிக்கிறது. நம் உடலிலும் உணவு எரிந்து சக்தியாகும்போது, துணையிழந்த ஒற்றை எலக்ட்ரானைச் சுமந்த மூலக்கூறுகள் பக்கவிளைவாகப் பிறக்கின்றன. தனி உறுப்புகள் என்று சொல்லப்படும் இவை, துணை தேடி அண்டை மூலக்கூறைப் பறிக்க, பறிகொடுத்தது அடுத்ததைப் பறிக்க, ஒரு வீட்டில் பற்றிய தீ கூரைக்குக் கூரை தாவுவதுபோல் சேதம் பரவுகிறது. முதுமையே இச்சேதத்தின் தொகைதான் என்று டென்ஹாம் ஹார்மன் என்பவர் 1956ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டார். பீனால் மூலக்கூறோ தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அணுவொன்றைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, அதனால் தனக்கு வரும் ஒற்றை எலக்ட்ரானைத் தன் வளையம் முழுவதிலும் பரப்பி அமைதிப்படுத்திக்கொள்கிறது. தீ அங்கே வந்து அவிந்துவிடுகிறது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று இக்காலத்தில் பெயர் பெற்ற பொருளின் தத்துவம் இவ்வளவே. மற்ற எண்ணெய்கள் கெட்டபின்னும் நல்லெண்ணெய் நெடுநாள் கெடாதிருப்பதற்குக் காரணமான செசமோல் என்பதும் ஒரு பீனாலே.

இனி, பட்டைக்குள் இருப்பதை வெளியே கொண்டுவரும் வித்தை. இதுவே நான் விரிவாகச் சொல்ல விரும்பிய பகுதி. ஏனெனில், சத்து இருக்கிறதா என்னும் கேள்விக்குக் கிடைக்கும் விடை, அதை எந்தத் திரவத்தைக் கொண்டு, எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம் கேட்கிறோம் என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

பட்டையை வெயிலில் காயவைப்பதைவிட நிழலில் உலர்த்துவதே சிறப்பு; ஒளியும் வெப்பமும் நாம் தேடும் பொருளையே முதலில் ஆக்சிஜனேற்றிவிடும். உலர்ந்ததை இடித்துக் கரடுமுரடான பொடியாக்கவேண்டும். மாவாக இடித்தால் திரவம் ஊடுருவிச் செல்ல வழியின்றிக் கட்டிப்போகும். பிறகு எதில் ஊறவைப்பது? தண்ணீர் மட்டும் என்றால், சர்க்கரையும் பிசினும் உப்புகளும் மிகுதியாக இறங்கிவரும். ட்ரைடெர்பீன்கள் பெரும்பாலும் பட்டையிலேயே தங்கிவிடும். கலப்பற்ற சாராயம் என்றால், உலர்ந்து இறுகிய செல்சுவர்களை அது விரியச் செய்யாது. இரண்டையும் கலந்து, சாராயம் ஏறக்குறைய எழுபது பங்கும் நீர் முப்பது பங்குமாக ஊற்றும்போது, நீர் செல்சுவரை ஊதிப் பெருகச் செய்து கதவைத் திறக்க, சாராயம் உள்ளே புகுந்து, புரதத்தோடும் நார்ப்பொருளோடும் ஒட்டிக்கிடக்கும் பீனால்களின் பிடியைத் தளர்த்தி அழைத்து வருகிறது. தனித்தனியே ஆற்றாத காரியத்தை இரண்டும் கூடி ஆற்றுவதை, வடித்த திரவத்தின் செம்பழுப்பு நிறத்தின் அடர்த்தியிலேயே கண்ணால் காணலாம்.

பரிசோதனைச் சாலைகளில் வெகுகாலமாக வழங்கிவருவது சாக்ஸ்லெட் என்னும் கண்ணாடிச் சாதனம். 1879ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய பிரான்ஸ் வான் சாக்ஸ்லெட் பாலிலுள்ள கொழுப்பை அளப்பதற்காக அமைத்த கருவி இது. அடியில் கொதிக்கும் திரவம் ஆவியாகி மேலேறி, குளிர்ந்து சொட்டுச்சொட்டாகப் பொடியின்மேல் விழுந்து, பாத்திரம் நிறைந்ததும் வளைகுழாய் வழியாகத் தானே அடியில் இறங்கிவிடும். ஒரே அளவு திரவம் மீண்டும் மீண்டும் தூய்மையுற்று வந்து பட்டையைக் கழுவுவதால் சிக்கனம் மிகுதி. ஆனால் கீழே சேர்ந்த சாறு மணிக்கணக்காகக் கொதித்துக்கொண்டே இருப்பதால், வெப்பம் தாளாத பீனால்கள் சில அழிந்துபோகவும் கூடும். ஆகையால் இந்நாளில் செவிக்கெட்டாத ஒலியலைகளைத் திரவத்தில் செலுத்திச் செல்களை உடைக்கிறார்கள். காற்றழுத்தத்தைப் போல் எழுபத்துமூன்று மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் 31 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலும், வாயுவாகவும் திரவமாகவும் இரண்டுங்கெட்ட நிலையை அடையும் கரியமிலவாயுவைக் கரைப்பானாக்குகிறார்கள். அது கொழுப்புச்சார்ந்த பொருள்களையே விரும்புமாதலால், பீனால்களுக்காகச் சிறிது சாராயத்தையும் துணைக்கு அனுப்பவேண்டும். எவ்வழியில் எடுத்தாலும், கரைப்பானை வற்றடிக்கும்போது அழுத்தத்தைக் குறைத்து, நாற்பது பாகை அளவான இளஞ்சூட்டிலேயே வற்றடிப்பது நல்ல கைமுறை.

இத்தனையும் படித்தபின் நம் வீட்டுக் கஷாயச் சட்டியைப் பார்த்தால் அது அற்பமாகத் தோன்றவில்லை; அதுவும் ஒரு பிரித்தெடுக்கும் சாதனமே. சார்ங்கதர சம்ஹிதை ஒரு பங்கு சரக்குக்குப் பதினாறு பங்கு நீர்விட்டு எட்டில் ஒன்றாக வற்றக் காய்ச்சச் சொல்கிறது. ஆவியாகிப் போகும் வாசனைச் சரக்குகளுக்குத் திறந்த சட்டி தீங்கானாலும், துவர்ப்புப் பொருள்கள் ஆவியாகமாட்டா. ஆதலால் அவற்றுக்கு இம்முறை முற்றும் பொருந்தும். இரும்புச் சட்டி மட்டும் ஆகாது: வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மணை கறுப்பதும், அன்னபேதியும் கடுக்காயும் சேர்ந்து மையாவதும், டானினும் இரும்பும் கூடியதன் விளைவே. மருதம்பட்டைக்கு இன்னுமொரு நுட்பமான முறை உண்டு. இருதய நோய்க்கு இப்பட்டையை விதித்தவர்களுள் தலைசிறந்தவர் ஏழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் வாக்படர். பாற்கஷாயம் என்னும் முறைப்படி, ஒரு பங்கு சரக்கோடு எட்டுப் பங்கு பாலும் முப்பத்திரண்டு பங்கு நீரும் சேர்த்து, நீரெல்லாம் வற்றிப் பாலளவு நிற்கும்வரை காய்ச்சுவர். முதலில் நீர் பீனால்களை இறக்குகிறது. நீர் குன்றக் குன்ற, பாலின் கொழுப்பு, நீருக்கு அடங்காத ட்ரைடெர்பீன்களுக்கு இடந்தருகிறது. பாலின் புரதமோ டானினைக் கட்டிக்கொண்டு நாவுக்கும் வயிற்றுக்கும் கடுமையைக் குறைக்கிறது. ஒரே சட்டியில் இரண்டு கரைப்பான்கள்! இதைக் கண்டவர்கள் மூலக்கூறு என்னும் சொல்லை அறியாதவர்கள். ஆயினும் நாவையும் கண்ணையும் நம்பி நெடுநாள் அநுபவத்தில் திருத்தித் திருத்தி வந்த கைகள் அவர்களுடையவை.

துவர்ப்பை நாவுக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாயில் அளப்பதற்கு இரண்டு நிறமாற்றங்கள் பயன்படுகின்றன. போலின், சியோகால்ட்டு என்னும் இருவர் 1927ஆம் ஆண்டில் அமைத்த மஞ்சள்நிறக் கலவை, பீனாலைக் கண்டவுடன் நீலமாகும். நீலத்தின் ஆழமே பீனாலின் அளவு. மற்றொன்று டி.பி.பி.எச். என்னும் ஊதாநிறப் பொருள். தானே ஒரு தனி உறுப்பாயினும், புட்டியில் அடங்கிக் கிடக்கும் சாந்தமான தனி உறுப்பு அது. அதன் கரைசலில் பட்டைச்சாற்றைச் சில துளி விட்டால், ஒற்றை எலக்ட்ரானுக்குத் துணை கிடைத்து, ஊதா வெளுத்து மஞ்சளாகிவிடும். 1958ஆம் ஆண்டில் பிளாய்ஸ் என்பவர் வெளியிட்ட இச்சோதனை, விலை குறைவும் வேகமும் உடையதாதலால், இன்று நம் கல்லூரிகளின் தாவரவியல், உயிர்வேதியியல் மாணவர்கள் கையாளும் முதற்பாடம் ஆகிவிட்டது. அந்த ஊதா மறைவதைக் கண்ணெதிரே காணும் மாணவனின் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் அந்த மகிழ்ச்சியிலிருந்தே ஒரு பெரும்பிழையும் பிறந்தது. குழாயில் நிறத்தை வெளுக்கச் செய்தது இரத்தத்திலும் அவ்வாறே செய்யும் என்று கருதி, உணவுப்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு எண் கொடுத்த அமெரிக்க விவசாய இலாகா, அந்த எண்கள் உடல்நலனுக்கு அளவுகோல் ஆகமாட்டா என்று கண்டு, 2012ஆம் ஆண்டில் அந்தப் பட்டியலையே விலக்கிக்கொண்டது. பின்லாந்தில் புகைபிடிப்போர் 29,133 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியில், தடுப்பான் என்று நம்பிக் கொடுத்த பீட்டா கரோட்டீன், நுரையீரல் புற்றுநோயைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டதென்று 1994ஆம் ஆண்டில் தெரியவந்தது. டானின்கள் குடலிலிருந்து நேராக இரத்தத்தில் சேர்வது மிகச்சொற்பம். பெருங்குடலின் நுண்ணுயிரிகள் அவற்றைச் சிதைத்து ஆக்கும் வேறு பொருள்களே உடலுக்குள் புகுகின்றன. ஆகவே குழாயில் நாம் அளந்தது ஒன்று, உடல் பெறுவது மற்றொன்று.

மருதம்பட்டையைப் பொறுத்தவரை, மனிதரிடமே செய்த பரிசோதனைகள் இருப்பது அதன் பாக்கியம். 2001ஆம் ஆண்டில் வெளியான ஜெய்ப்பூர் ஆராய்ச்சியில், இருதய இரத்தக்குழாய் நோயுற்ற 105 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் பட்டைப்பொடி கொடுத்தபோது, முப்பது நாளில் கொலஸ்ட்ராலும், கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் அடையாளங்களும் குறைந்தன. டெல்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தார், இருதயம் பலவீனமுற்றோருக்குப் பட்டையின் நீர்ச்சாறு கொடுத்துப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவோ, இருதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறன் உயரவில்லை என்பது; உடலின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு வலிமையிலும் சில அறிகுறிகளிலும் மட்டுமே நன்மை தென்பட்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பட்டையை நம்புவது உயிரோடு விளையாடுவது என்றே சொல்வேன். பட்டையில் ஒன்றுமில்லை என்று கையை உதறுவதும் அதே அளவு அவசரம்.

மதுரைக் கீழமாசி வீதிப் பக்கத்து நாட்டுமருந்துக் கடையில் ‘மருதம்பட்டை’ என்று கேட்டு வாங்கும் துண்டு மருதம்பட்டைதானா என்பது இன்னொரு கவலை. அதே இனத்தைச் சார்ந்த கருமருதின் பட்டை இதனோடு கலப்பதுண்டு. நல்ல பட்டையை உருப்பெருக்கியில் வைத்தால், மலர்க்கொத்துப் போன்ற பெரிய சுண்ணச்சத்துப் படிகங்கள் தெரியும். சுண்ணச்சத்து அவ்வளவு மிகுதியாதலால், எரித்த சாம்பல் நூற்றுக்கு இருபத்தைந்து பங்குவரை போகலாம் என்று ஆயுர்வேத மருந்து நூல் அனுமதிக்கிறது. நீரிலும் சாராயத்திலும் கரைந்து வரும் சத்து ஒவ்வொன்றும் நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறையலாகாது என்பதும் அதன் விதி. எடையில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்து வரும் பட்டை என்றால், மரம் தன் கவசத்தில் எவ்வளவு செல்வத்தை முடக்கி வைத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அந்தச் செல்வத்தை மரம் சாகாமல் வாங்கவும் வழியுண்டு என்பதே எனக்கு எல்லாவற்றிலும் ஆறுதல் தருவது. சர்க்கரை இறங்கும் பாதை உள்பட்டையில் இருப்பதால், அடிமரத்தைச் சுற்றி வளையமாக உரித்தால் வேர் பட்டினி கிடந்து மரம் பட்டுப்போகும். அசோகமரத்தின் பட்டைக்கு நேர்ந்த பேராசையினால் அம்மரம் காடுகளில் அருகிவிட்டதையும், அதன் பெயரில் நெட்டிலிங்கப் பட்டை விற்கப்படுவதையும் நாம் கண்டிருக்கிறோம். மருதத்திலோ, சுற்றளவில் நாலில் ஒரு பங்குக்கு மிகாமல், நெடுக்கு வாட்டில் ஒரு பட்டையாக, கத்தி உள்பட்டையைத் தொடாமல் வெளியடுக்கையும் நடுவடுக்கையும் மட்டும் பெயர்த்தெடுத்தால், காயத்தின் இருபுறமிருந்தும் புதுப்பட்டை ஊர்ந்து வந்து, ஏறக்குறைய இரண்டு ஆண்டில் மூடிக்கொள்கிறது. அடுத்த முறை உரிப்பவர் அந்தப் பக்கத்தை விட்டு, மரத்தின் எதிர்ப்பக்கத்துக்குப் போகவேண்டும்.